மூச்சு வாங்காமல் ஒரு வசனம்

கிணற்றடியிலிருந்து குசினி வாசலுக்கு எங்கள் வீட்டில் பதினெட்டு அடிகள். மகள் பிறந்த முப்பத்தோராம் நாள் காலையில், நொச்சியிலையும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் முழுகிவிட்டு, தலையில் துவாயைச் சுற்றியபடி அந்தத் தூரத்தை நடந்தேன். பத்தாவது அடியில் நிற்கவேண்டி வந்தது. செவ்வரத்தை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் நிற்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை என்பதுதான் அப்போது வெட்கமாக இருந்தது. அன்று துடக்குக் கழிவு, பிள்ளைப்பேற்றுத் தீட்டைக் கழிக்கும் நாள். வீடு நிறைய ஆட்கள். ஐயர் வருவதற்குள் சேலை மாற்றி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாமி அறை வாசலில் நான் உட்கார்ந்திருக்கவேண்டும்.

குசினிக்குள் மச்சாள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். என் கணவரின் அக்கா. அப்போது அவருக்கு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயதிருக்கும், கலியாணம் செய்திருக்கவில்லை. மாமாவும் மாமியும் காலமான பிறகு வல்வெட்டித்துறையில் அந்த வீட்டைக் கொண்டு நடத்தியவர் அவர்தான். நான் நீர்வேலித் தோட்டக்கார வீட்டுப் பிள்ளை. என் அம்மா, நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே போய்விட்டார். ஆகவே முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்குப் போவது எனக்கு வாய்க்கவில்லை. பிள்ளைப்பேற்று மருந்துச் சரக்கு இடித்ததும், வெந்நீர் வைத்ததும், பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டியதும் மச்சாள்தான்.

வாசலில் நின்ற பெரியம்மா முறையான ஒருவரிடம், "வாங்கோ... இருங்கோ... தேத்தண்ணி போட்டுத் தரட்டோ?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். தேங்காய் திருவும் சத்தம் நின்றது.

"நீர் இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லும்" என்றார் மச்சாள்.

"தேத்தண்ணி... போட்டு..."

"பிள்ளை பெத்த உடம்பு. ரத்தம் காணாது. அப்பிடித்தான் மூச்சு இளைக்கும்" என்றார் பெரியம்மா.

"ரத்தம் காணாட்டிக் களைக்கும், பெரியம்மா. ஒரு வசனத்தை மூண்டாய் முறிச்சுக் கதைக்கிற நிலை வராது. உவள் கடலிலை அவ்வளவு தூரம் நீந்திப்போட்டு வந்து, தலை துடைக்க முன்னம் என்னோடை சண்டை பிடிக்கிறவள். இது அவளின்ரை மூச்சில்லை."

"ஐயர் வரப்போறார். துடக்குக் கழியாமல் வாசல் படலை தாண்டப்படாது, பிள்ளை."

"துடக்கு என்னோடை இருக்கட்டும். ஆராவது ஓட்டோவைக் கூப்பிடுங்கோ."

கையில் தேங்காய்ப் பூ ஒட்டியிருக்க, அதே சட்டையோடு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அவர் என்னுடன் ஓட்டோவில் ஏறினார். நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் கட்டி என்று மாலையில் சொன்னார்கள். காலில் உண்டான கட்டி இரத்தத்தோடு ஓடிப் போய் அங்கே அடைத்திருந்ததாம். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய கிழமைகளில் சிலருக்கு அப்படி வருவதுண்டு என்றார் வைத்தியர். அரைநாள் பிந்தியிருந்தால் என்று தொடங்கியவர், மச்சாளின் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு அந்த வசனத்தை முடிக்கவில்லை.

அவர் முடிக்காமல் விட்டதை நான் எத்தனையோ தரம் முடித்துப் பார்த்திருக்கிறேன். பாடசாலையில் பாடம் நடத்தும்போது, குழாயில் அளவுகோட்டைப் பார்த்துக் கரைசலை ஊற்றும்போதுகூட. நான் இரசாயன ஆசிரியை. ஒன்றை ஒன்பது தரம் சரிபார்க்கும் பழக்கம் தொழிலால் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்று தெரியாது. அந்த நாளுக்குப் பிறகு அது என் மூச்சின் மேல் திரும்பியது.

நான் நீந்தியது எதற்கு என்று சொல்லவேண்டும். பல்கலைக்கழகத்தில் ட்ரையத்லன் என்னும் போட்டியில் சேர்ந்தேன். முதலில் நீச்சல், கரையேறியவுடன் சைக்கிள், இறங்கியவுடன் ஓட்டம். இடையில் இளைப்பாற இடமில்லை. நான் பெரிய வீராங்கனை அல்ல. ஒருமுறை நான்காவதாக வந்தேன். அதுவே என் உச்சம். ஆனாலும் கலியாணம் செய்து வல்வெட்டித்துறைக்கு வந்து, வீட்டிலிருந்து நூறு யார் தூரத்தில் கடலைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோஷம் மச்சாளுக்கு வேடிக்கையாக இருந்தது. கப்பலோட்டிய குடும்பத்தில் பிறந்த அவருக்கு நீந்தத் தெரியாது. அந்தக் கரையில் பெண்கள் தீர்த்தத்துக்குக் கால் நனைப்பார்கள், அவ்வளவுதான்.

"தோட்டக்காரப் பெட்டை வந்து எங்கடை கடலை அளக்கிறா" என்று அயலில் சொல்லிச் சிரிப்பார். "நீந்துறது மீனுக்கு, சைக்கிள் தபால்காரனுக்கு, ஓடுறது கள்ளனுக்கு. மூண்டு பேற்றை வேலையையும் ஒருநாளிலை செய்ய உமக்கு ஆர் கூலி தாறது?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அந்த மூன்றும் நின்றுபோயின. இரத்தம் உறையாமலிருக்க ஒவ்வொரு நாளும் மாலையில் ஒரு குளிசை. எவ்வளவு மெல்ல உறைகிறது என்பதைக் காட்டும் எண் ஒன்று உண்டு. அது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கவேண்டும். குறைந்தால் மீண்டும் கட்டி வரலாம். கூடினால் இரத்தம் கசியலாம். ஆறு மாதம் ஒழுங்காக நின்றால் குளிசையை நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம், அதற்குப் பிறகுதான் ஓட்டம், போட்டி எல்லாம் என்றார் கிளினிக்கில் இருந்த வைத்தியர். என்னைவிட இரண்டு மூன்று வயதே மூத்த பெண் அவர். பச்சை இலைகள் இந்தக் குளிசைக்கு எதிராக வேலை செய்யும், கவனம் என்றும் சொன்னார். நான் மத்தியானச் சோற்றில் கீரையைத் தொடவில்லை. முருங்கையிலை வறையை ஒதுக்கினேன். வல்லாரைச் சம்பலைப் பார்க்கவேயில்லை. சாப்பிட்டதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன்.

எண் ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் வைத்தியர் குளிசையைக் கூட்டினார். ஒவ்வொரு முறையும் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "நல்லா எழுதியிருக்கிறியள்" என்றார். பஸ்ஸில் வரும்போது என் கெண்டைக்காலை அமுக்கிப் பார்ப்பேன். வலிக்கிறதா, நான் அமுக்கியதால் வலிக்கிறதா என்று தெரியாது. மறுபடி அமுக்குவேன்.

அந்த மாதங்களில் மச்சாள் ஒரு உறவுக் கலியாணத்துக்குத் திருகோணமலைக்குப் போய்ப் பதினைந்து நாள் நின்றார். பன்னிரண்டாம் நாள், பல் தீட்டும்போது பல்லடி முரசிலிருந்து இரத்தம் வந்தது, நிற்கவில்லை. பிள்ளை உதைத்த இடத்தில் தொடையில் நாவற்பழ நிறத்தில் கண்டியிருந்தது. கிளினிக்கில், எகிறிப்போயிருந்த எண்ணைப் பார்த்த வைத்தியர் என்னை வீட்டுக்குப் போக விடவில்லை.

"இந்த ரெண்டு கிழமையிலை என்ன மாறினது?" என்று கேட்டார்.

"ஒண்டும் மாறேல்லை, டொக்டர். எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்."

"வீட்டிலை?"

"மச்சாள் ஊரிலை இல்லை. அதாலை காலமையிலை பாண்."

"மச்சாள் நிண்டா?"

"கஞ்சி."

"என்ன கஞ்சி?"

"இலைக்கஞ்சி" என்று சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. முருங்கையிலை, முசுட்டை, முல்லை, வல்லாரை எல்லாம் இடித்துச் சாறெடுத்து, தேங்காய்ப்பாலும் அரிசியும் சேர்த்துக் காய்ச்சுவது. அதன் பெயரிலேயே இலை இருக்கிறது. நான் ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு பெரிய கோப்பை குடித்துவிட்டு, கொப்பியில் 'கஞ்சி' என்று எழுதினேன். கீரை என்பது எங்களுக்குச் சோற்றோடு வருவது. கஞ்சி கஞ்சிதான். ஐந்தாறு மாதமாக இலைச்சாற்றை வெல்லுமளவுக்குக் கூட்டிய குளிசை, இலை நின்றதும் தனியாக வேலை செய்திருக்கிறது.

வைத்தியர் பேனாவை மூடி வைத்தார். "நீங்கள் என்ன படிப்பிக்கிறியள் எண்டு சொன்னனீங்கள்?"

"இரசாயனம்."

அவர் சிரிக்கவில்லை, சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். பிறகு சொன்னார்: "கஞ்சி நல்ல சாமான். நிப்பாட்டவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒரே அளவு. குளிசையை நான் அதுக்கேற்ற மாதிரிப் பாக்கிறன்."

மச்சாளிடம் எப்படிச் சொல்வதென்று நான் மூன்று நாள் யோசித்தேன். அம்மா இல்லாதவளுக்கு இரத்தம் ஊறவேண்டும் என்று விடியற்காலையில் எழும்பி வேலியோரமெல்லாம் இலை ஆய்ந்தவர். இதமாகச் சொல்லப் பல வசனங்களை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். சனிக்கிழமை கிளிநொச்சியில் வேலை முடிந்து வந்த என் கணவர், சாப்பாட்டு மேசையில் பகிடியாகப் போட்டு உடைத்தார்.

"அக்கா, உங்கடை கஞ்சிதான் இவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினது. தெரியுமோ?"

மச்சாளின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. "நான் உம்மைச் சாக்காட்டப் பாத்தனானோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இல்லை மச்சாள், பிழை என்னுடையது, நான்தான் எழுதாமல் விட்டேன் என்று நான் சொன்னவை அவர் காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து இரண்டு கிழமை எனக்குக் காலையில் பாண்தான். கறியில் கறிவேப்பிலை போட முன்னர், "இதுவும் இலைதானே?" என்று கேட்பார். பழகிய கை சந்தேகப்படத் தொடங்கியது. உப்புப் போட்டுவிட்டு, போட்டேனா என்று என்னிடம் கேட்பார். பிள்ளையின் பால்மாவைக் கரைத்துவிட்டு, எத்தனை கரண்டி என்று நினைவில்லாமல் கொட்டிவிட்டு மறுபடி கரைப்பார். நான் பாடசாலை மாடிப் படியில் பாதியில் நின்று என் மூச்சைக் கேட்பதும் அவர் அடுப்படியில் நின்று தன் கையைப் பார்ப்பதும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் கிழமை திங்கட்கிழமை காலையில் மேசையில் கஞ்சி இருந்தது. மச்சாள் பக்கத்தில் நின்றார். "முழுக்கக் குடியும். மிச்சம் வைக்கப்படாது. மிச்சம் வைச்சா அளவு பிழைக்கும்" என்றார். எப்படி அளந்தார் என்று பிறகு தெரியவந்தது. ஆய்ந்த இலையைப் பையில் போட்டுக்கொண்டு சந்திக் கடைக்குப் போய், கடைக்காரரின் மின்தராசில் நிறுத்துக்கொண்டு வருகிறார். ஒவ்வொரு நாளும். கூடினால் ஒரு கொழுந்தைக் கிள்ளி எடுப்பாராம். குறைந்தால் கடை வேலியில் ஒன்று பிடுங்குவாராம். கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "பவுண் நிறுக்கிறவையும் இப்பிடி நிறுக்கிறேல்லை, ரீச்சர்."

எண் நிலைத்தது. ஆனால் ஆறு மாதம் என்று சொன்னது பதின்மூன்று மாதமாயிற்று. மறுபடி படம் எடுத்துப் பார்த்து, கட்டி கரைந்துவிட்டது, நுரையீரலும் இருதயமும் நன்றாக இருக்கின்றன, குளிசையை நிறுத்தலாம் என்றார் வைத்தியர். மெதுவாகத் தொடங்கலாம், நீச்சலும்கூட. நெஞ்சு நோவு, கால் வீக்கம், வழமைக்கு மாறான மூச்சிரைப்பு, இந்த மூன்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு வரவேண்டும்.

வழமைக்கு மாறான மூச்சிரைப்பு. நான் வீடு வரைக்கும் அந்தச் சொற்களைச் சுமந்துகொண்டு வந்தேன். நீந்தினால் மூச்சு இரைக்கும். ஓடினால் இரைக்கும். இரைப்பதற்காகத்தான் ஓடுகிறோம். அதில் எது வழமை, எது மாறு? பிழை விட்டால் ஒரு வயதுப் பிள்ளை தாயில்லாமல் வளரும்; அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பேசாமல் விட்டுவிடலாம். பிள்ளை பெற்றவள் ஒருத்தி ட்ரையத்லன் ஓடவில்லை என்று யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் விட்டால், மாடிப்படியில் நிற்பது நிற்காது. மகள் முற்றத்தில் ஓடும்போது பின்னால் ஓடப் பயந்து, "கவனம், கவனம்" என்று இருந்த இடத்திலிருந்து கத்துகிற தாயாகத்தான் இருப்பேன். அப்போதே அப்படித்தான் இருந்தேன். இது நியாயமான காரணமா, போட்டி ஆசைக்கு நான் போட்ட சட்டையா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. அடுத்த சோளகத்தில், எங்கள் பக்கக் கடல் படுத்துக் கிடக்கும் மாதங்களில், எங்கள் கரையிலேயே ஒரு போட்டி நடத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மச்சாளிடம் சொன்னேன். அவர் மறிப்பார் என்றுதான் சொன்னேனோ தெரியாது.

மச்சாள் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டார். பிறகு, "நான் கரையிலை இருப்பன். நீர் கரைக்கு வந்த கையோடை ஒரு வசனம் முழுசாய்க் கதைக்கவேணும். இடையிலை முறிஞ்சா, அடுத்த நாள் கடல் இல்லை. சம்மதமோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

"உது ஒரு சொல்லு. வசனமாய்ச் சொல்லும்."

அப்படித் தொடங்கியது. ஒவ்வொரு சனி, ஞாயிறு காலையிலும், கரையில் இழுத்து வைத்திருக்கும் படகின் விளிம்பில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மச்சாள் இருப்பார். நான் கரையோரமாக, இடுப்பளவு தண்ணீரில் முருகைக்கல்லில் கால் படாமல் முதலில் ஐம்பது யார் நீந்தினேன். பிறகு நூறு. கரையேறினால் கேள்வி வரும். கேள்விகளையும் அவர் யோசித்துத்தான் வைத்திருப்பார். ஒரு சொல்லில் மறுமொழி சொல்ல முடியாத கேள்விகள்.

"உம்மடை தம்பி போனகிழமை பொம்பிளை பாக்கப் போனவனெல்லே. போன இடத்திலை என்ன நடந்தது? முதலிலை இருந்து சொல்லும்."

நான் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று சொல்வேன். அவர் கதையைக் கேட்பதில்லை. தலையைச் சரித்து மூச்சைக் கேட்பார். சிலவேளை கதையிலும் விழுந்துவிடுவார். "தேத்தண்ணிக்குச் சீனி போடாமலோ குடுத்தவை? அப்ப பெட்டைக்கு விருப்பமில்லை" என்பார். வலை பொத்திக்கொண்டிருக்கும் கிழவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, மச்சாளிடம், "என்ன பிள்ளை, உங்கடை தம்பி பெண்சாதி காலமையிலை வந்து எங்கடை மீனையெல்லாம் கலைக்கிறா. கலைஞ்ச மீனிலை பாதிக்கு நீங்கள்தான் காசு தரவேணும்" என்பார். "வலையிலை ஓட்டையை வைச்சுக்கொண்டு அவளைச் சொல்லாதையுங்கோ, அப்பு" என்பார் மச்சாள்.

எத்தனையோ நாள் என் வசனம் முறிந்தது. அடுத்த நாள் கடல் இல்லை. நான் வாதாடுவேன், அவர் இறங்கமாட்டார். ஆனால் கிழமைக்குக் கிழமை வசனங்கள் நீண்டன. சைக்கிளை எடுத்தேன். தொண்டைமானாறு வரை போய் வந்தேன். ஓடினேன். எங்கள் ஊர் றோட்டில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி ஓடுவதைப் பார்த்து, "என்ன, பஸ் விட்டிட்டியளோ?" என்று கேட்டவர்களுக்கும் முழு வசனத்தில் மறுமொழி சொன்னேன். குளிசை நின்ற பிறகும் மச்சாள் இலையை நிறுப்பதை நிறுத்தவில்லை. வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

போட்டி நாளில் நாற்பது பேரளவில் நின்றோம். பெண்கள் நால்வர். மற்ற மூவரும் என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். கரைக்குச் சமாந்தரமாக மிதவைகள் போட்டிருந்தார்கள். ஊதல் சத்தத்தோடு எல்லோரும் ஒன்றாகத் தண்ணீரில் பாய்ந்தபோது, யாரோ ஒருவரின் கால் என் நெஞ்சில் பட்டது. நோவு பெரிதில்லை. ஆனால் அந்த இடத்திலிருந்து என் மூச்சு சிறிதாகத் தொடங்கியது. இரண்டாவது மிதவைக்குப் பக்கத்தில், செவ்வரத்தை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற காலையில் இருந்த அதே மூச்சு. அல்லது அதே போன்ற மூச்சு. எது என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக நான் பயந்த இடம் அதுதான். அங்கே கேள்வி கேட்க யாரும் இல்லை.

பாதுகாப்புக்கு நின்ற படகின் விளிம்பைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு நிற்கலாம், படகு முன்னே போகாத வரைக்கும் போட்டியிலிருந்து நீக்கமாட்டார்கள். படகில் இருந்தவர் குனிந்து, "ஏறுறியளோ, பிள்ளை?" என்று கேட்டார். என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. ஏறலாம் என்று நினைத்தேன். ஏறுவதுதான் ஒரு தாய் செய்யவேண்டியது என்றும் நினைத்தேன். படகிலேறி ஆஸ்பத்திரிக்குப் போனால், ஒன்றுமில்லை, பயம்தான் என்று சொல்லக்கூடும். ஒன்றுமில்லை என்று நினைத்து நீந்தினால், ஏதாவது இருக்கவும் கூடும். படகுக்காரர் கையை நீட்டினார். நான் பிள்ளையைத் தேடிக் கரையைப் பார்த்தேன்.

பிள்ளை என் கணவரின் தோளில் இருந்தாள். அவர்களுக்கு முன்னால் மணலில் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். மச்சாள். நல்ல நாளுக்கென்று உடுத்த நீலச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் செருப்போடு, எனக்குச் சமாந்தரமாக, நான் நீந்த நீந்தத் தானும் ஓடி வந்திருக்கிறார். நான் நின்றுவிட்டதைக் கண்டு தானும் நின்றார். முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்தார். அவர் தோள்கள் ஏறி இறங்குவது அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. வாழ்நாளில் ஓடியிராதவர், சுடுமணலில் முந்நூறு யார் ஓடினால் அப்படித்தான் இரைக்கும். அதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆறின. நிமிர்ந்தார். என்னுடையதும் ஆறியிருந்தது, எப்போது ஆறியதென்று கவனிக்கவில்லை. நெஞ்சில் நோவு இல்லை. விரல்கள் விறைக்கவில்லை.

"கொஞ்சம் பிடிச்சு நிண்டிட்டுப் போறன், அண்ணை. குறை நினையாதையுங்கோ" என்றேன் படகுக்காரரிடம். பிறகு கையை விட்டேன்.

கடைசியாகத்தான் கரையேறினேன். மச்சாள், பார்க்க வந்தவர்களை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். வழக்கப்படி கேட்க வாயைத் திறந்தார். "உம்... உம்மடை... த..." அதற்குமேல் வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"மச்சாள், முதலிலை இருங்கோ. இருந்து, ஒரு வசனம் முழுசாய்க் கதையுங்கோ பாப்பம். இடையிலை முறிஞ்சா உங்களுக்கு நாளைக்குக் கடற்கரை இல்லை."

"போடி... விசரி" என்றார். என்னை நீர் என்று கூப்பிட்டவர் அதுவரைக்கும் போடி என்று சொன்னதில்லை. "சைக்கிள்... அங்கை."

சைக்கிளில் ஏறினேன். எதிர்க்காற்றில் போகும்போது இரண்டு தரம் நிறுத்திக் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தேன். ஓட்டத்தில் கடைசி மைலை நடந்தேன். நாலு பெண்களில் நாலாவதாக முடித்தேன். மேசை, கதிரைகளை லொறியில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அன்றைக்கு நான் பயத்தை வென்றேன் என்று எழுத எனக்கு விருப்பம்தான். ஆனால் அடுத்த நாள் காலையில் மாடிப்படியில் மறுபடியும் நின்றேன். எட்டாவது படியில் நின்று கேட்டேன். பிறகு மிச்சப் படிகளையும் ஏறினேன்.

அதற்கடுத்த வருடம் மச்சாளுக்குக் கலியாணமாயிற்று. மன்னாரில் ஒரு பாடசாலையில் எழுதுவினைஞராக வேலை பார்க்கும், மனைவியை இழந்த ஒருவர். நாற்பது தாண்டிய பிறகு என்ன கலியாணம் என்று அவரும் பல மாதம் தயங்கினார். சரியா பிழையா என்று என்னிடம் கேட்டார். இப்படியான கேள்வி கேட்க இந்த உலகத்தில் என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் கிடையாது. அவர் போன பிறகு படகின் விளிம்பில் இப்போது யாரும் இருப்பதில்லை. நான் நீந்திவிட்டு வந்து சும்மா தலையைத் துடைக்கிறேன்.

இந்த வருடம் மறுபடி போட்டி வைக்கிறார்கள். மகளுக்கு நாலு வயது. விண்ணப்பத்தில், அவசரமானால் யாருக்கு அறிவிக்கவேண்டும் என்று ஒரு கோடு இருந்தது. கணவரின் பெயரை எழுதினேன். எழுதிய பிறகும் பேனா அங்கேயே நின்றது. கோட்டுக்குக் கீழே, இடமில்லாத இடத்தில், சின்ன எழுத்தில் மச்சாளின் போன் இலக்கத்தையும் எழுதினேன். சொல்லாமல் எழுதியது பிழை என்று தோன்றவே, போன் எடுத்துச் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார் மச்சாள். "உமக்கு ஏதும் நடந்தா மன்னாரிலை இருக்கிற எனக்கு அறிவிச்சு என்ன பிரயோசனம்? நான் என்ன, இஞ்சை இருந்து ஓடியே வாறது?"

"ஓடி வருவியள்" என்றேன்.

போன் அறுந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, "மச்சாள், மச்சாள்" என்று கூப்பிட்டேன். "நிக்கிறன், நிக்கிறன்" என்றார். "உங்கை இப்ப காத்து எப்பிடி? கடல் படுத்திட்டுதோ?"

"இன்னும் இல்லை. பின்னேரத்திலை கொஞ்சம் எழும்புது."

"அப்ப பின்னேரம் இறங்காதையும்" என்றார்.